திரைக்கு மேலே உயர்ந்த கைகள்

இதில் நான் கண்ணால் கண்டவற்றையும் காதால் கேட்டவற்றையும் மட்டுமே எழுதுகிறேன். பிறர் சொல்லி அறிந்தவற்றில், தமக்குள் கலந்து பேச வாய்ப்பில்லாத இருவர் ஒரே விதமாகச் சொன்னதை மட்டும் சேர்த்துக்கொண்டேன். மற்றவற்றை விட்டுவிட்டேன், அவற்றுள் சில மிகவும் சுவையானவை, எழுதக் கை துடிப்பவை. இந்தக் கட்டுப்பாட்டைப் பெருந்தன்மை என்று யாரும் எண்ண வேண்டாம். நான் எழுதப்போகும் மனிதர் இதை வாசிப்பார். வாசிக்காவிட்டால் யாரையேனும் வாசித்துக் காட்டச் சொல்வார். ஒரு பிழை அகப்பட்டால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு சந்தியில் நின்று, "பாத்தீங்களா, டீச்சர் எழுதியிரிக்கிற பொய்ய" என்பார். அந்த மகிழ்ச்சியை நான் அவருக்குக் கொடுக்கமாட்டேன். பெயர்களையும் எழுதவில்லை. எங்கள் ஒழுங்கையில், இந்தச் சிறு தெருவில், இருப்பவர்களுக்குப் பெயர் தேவையில்லை. மற்றவர்களுக்கு அதனால் பயனில்லை.

கல்முனையை அண்டிய கடலோர ஊர்களில் இருக்கும் எத்தனையோ ஒழுங்கைகளைப் போன்றதுதான் எங்களுடையதும். மேற்கே பிரதான வீதியில் தொடங்கிக் கிழக்கே கடற்கரை மணலில் முடிகிறது. மாரி பிறந்தால் முழங்காலளவு தண்ணீர் நிற்கும். அடக்கம் செய்ய ஜனாஸாவைத் தோளில் சுமப்பவர்கள் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு அந்தத் தண்ணீரில் நடந்துபோனதைப் பலமுறை கண்டிருக்கிறேன். மேற்கு முனையில், சந்தியை ஒட்டி, ஒரு மாடிக் கடைத்தொகுதி நிற்கிறது. அதற்குப் பின்னால் வீடுகள் தொடங்குகின்றன. நடுவில் இருப்பது என் வீடு.

என் வீடு என்று நான் எழுதுவது பேச்சு வழக்குக்காக அன்று. உறுதியில், அதாவது வீட்டுப் பத்திரத்தில், என் பெயர் இருக்கிறது. எங்கள் கரையில் பெண்ணுக்கு வீடு கொடுத்தே நிக்காஹ் செய்வார்கள். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியேறுவார். என் வாப்பா, தாம் கட்டி வாழ்ந்த வீட்டை எனக்கு எழுதிவிட்டு, உம்மாவையும் அழைத்துக்கொண்டு பின்வளவில் எழுப்பிய சிறு வீட்டுக்குப் போனார். இருவரும் கடைசிவரை அங்கேயே இருந்து மவுத்தானார்கள். என் கணவர் ஒரு தோற்பெட்டியுடன் வந்தார். நாவிதன்வெளிப் பக்கத்தில் அவருக்கு வயல் இருந்தது, எங்கள் ஊரில் ஒரு செங்கல்லும் இல்லை. அதில் யாருக்கும் குறைவில்லை. ஒழுங்கையிலுள்ள வீடுகளெல்லாம் ஏறக்குறைய இப்படியே பெண்களின் பெயரில் இருப்பவை. ஆனால் வாசலில் வந்து கூப்பிடுகிறவர் ஆணின் பெயரைச் சொல்லியே கூப்பிடுவார். கடிதமும் அவர் பெயருக்கே வரும். இந்த முரணோடு நாங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தோம். அது யாரையும் உறுத்தியதில்லை.

பிறகு வீதி வந்தது. ஒழுங்கையை அகலமாக்கி, கார்ப்பெட் தார் போட்டு, இரு பக்கமும் மழைநீர் வடிகான் கட்டுவதென்று திட்டம். ஒதுக்கிய நிதி பாதி வேலைக்குத்தான் காணும் என்றார்கள். மீதிக்கு ஒரு வழி சொல்லப்பட்டது. வீதி வந்தால் வளவுகளின் பெறுமதி உயரும். உயர்வில் ஒரு பங்கை வளவுக்காரர் மேம்பாட்டு அறவீடாகச் செலுத்த வேண்டும். செலுத்த இயலாதவர் வளவின் முன்புறத்தில் ஒரு துண்டு நிலத்தை வீதிக்கு விட்டுக்கொடுக்கலாம். இதை நடத்த ஊரவர் குழுவொன்று அமைந்தது. அதன் தலைவரைத்தான் மேலே குறிப்பிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும், பள்ளிவாசல் முற்றத்தில் குழுவினர் ஊரவரின் சம்மதத்தைக் கேட்டார்கள். பள்ளி நிர்வாகத்துக்கு இதில் பங்கில்லை. முற்றத்தைக் கேட்டார்கள், அவர்கள் கொடுத்தார்கள். அன்று என் கணவர் வீட்டுக்கு வந்து சோற்றுக் கோப்பையின் முன் அமர்ந்தபோது நடந்த பேச்சு இது.

"றோட்டு வந்தா வளவுட விலை ஏறுமாம். ஏறுறதில ஒரு பங்கு நாம குடுக்கணுமாம். நியாயந்தானே?"

"நியாயந்தான். மறுகா?"

"மறுகா என்ன? எல்லாரும் கையத் தூக்கின. நானும் தூக்கின."

"எந்த ஊட்டுக்கு?"

"நம்மட ஊட்டுக்குத்தான்."

"உறுதியில ஆர்ர பேரு இரிக்கி?"

அவர் மீன்முள்ளை எடுத்துக் கோப்பையின் ஓரத்தில் வைத்தார். "இஞ்சரு, நான் கையத்தான் தூக்கின. ஊட்டயா தூக்கின?"

சிரித்துவிட்டேன். அன்று சிரிக்க முடிந்தது.

அந்த ஏற்பாட்டின் அடிப்படை நியாயமானது என்றே அப்போது கருதினேன். இப்போதும் அப்படியே கருதுகிறேன். ஊரார் பணத்தில் போட்ட வீதியால் ஒருவருடைய மண் விலையேறினால், அவர் அதில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுப்பது முறைதான். ஆனால் யாருடைய மண், எப்போது, எப்படி விலையேறுகிறது என்று கேட்க வேண்டும். சீதன வீட்டை நாங்கள் விற்பதில்லை. என் வாப்பா விற்கவில்லை, நான் விற்கப்போவதில்லை, என் மகள் விற்கமாட்டாள். விற்காத வீட்டின் விலை எவ்வளவு ஏறினால் என்ன? சோலைவரி என்னும் வீட்டுவரி மட்டும் ஏறும். சந்திக் கடைகளுக்கோ, வீதி முடியுமுன்பே வாடகை ஏறியது. அதை வாடகைக்கு இருந்த துணிக்கடைக்காரரும் மருந்துக்கடைக்காரரும் தனித்தனியே என்னிடம் சொன்னார்கள். கையில் வந்து விழும் உயர்வும் கடதாசியில் மட்டும் காணும் உயர்வும் ஒன்றல்ல. அந்த வேறுபாட்டைப் பள்ளி முற்றத்தில் யாரும் எழுப்பவில்லை.

சில நாட்களில் மதில்களில் சிவப்புப் பூச்சு அடையாளங்கள் தோன்றின. அறவீட்டுக்கு உட்பட்ட வளவுகளை நில அளவையாளரின் ஆட்கள் அப்படிக் குறித்துக்கொண்டு போனார்கள். நான் கடற்கரை முனையிலிருந்து மேற்கு நோக்கி நடந்து பார்த்தேன். ஓலைவேலி கட்டிய மீனவக் குடும்பங்களின் வளவுகளில், வேலிக் கம்பில் அடையாளம். பக்கத்து வீட்டு ராத்தாவின் மதிலில் அடையாளம். என் மதிலில், கிணற்றுக்கு நேரே, அடையாளம். கடைத்தொகுதியின் பின்சுவரை எட்டியதும் அது நின்றுவிட்டது. அந்தப் பின்சுவரில் ஒழுங்கையைப் பார்த்தபடி ஓர் அகன்ற இரும்புக் கதவு உண்டு. லொறிகள் அங்கேதான் வந்து சாமான் இறக்குகின்றன. வீதி அகலமானால் முதற்பயன் அந்தக் கதவுக்கே. அந்தச் சுவரில் ஒரு துளிச் சிவப்பும் இல்லை.

அறவீட்டைச் செலுத்த எங்களிடம் வழியில்லை. வயல் இரண்டு போகம் பொய்த்திருந்தது. மகளின் நிக்காஹ் பேசி முடிந்திருந்தது. அப்படியானால் முன்புறத் துண்டைக் கொடுக்க வேண்டும். அந்தத் துண்டில் கிணறு இருந்தது. கடல் ஊருக்குள் வந்த ஆண்டுக்குப் பிறகு எங்கள் பக்கத்துக் கிணறுகள் பல உப்பாகிவிட்டன, எங்களுடையது உப்பாகவில்லை. மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்த அன்று, அந்தத் தண்ணீரைக் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டைப் பற்றிப் பேசினார்கள். கிணறு போனால் நான் மகளுக்கு எழுதிக்கொடுக்கப்போவது மிச்சமான ஒரு வீடு. அந்தப் பேச்சும் நிலைக்குமோ என்று நான் அஞ்சினேன்.

பக்கத்து வீட்டு ராத்தா விதவை. அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை, துண்டைக் கொடுத்துவிட்டார். மதிலை இடித்தார்கள். மதிலோடு அவருடைய கிணற்றடி மறைப்பும் போயிற்று. வாழ்நாள் முழுவதும் மறைவில் குளித்த பெண், பழைய சாரன்களைக் கயிற்றில் தொங்கவிட்டு, அதற்குள் தண்ணீர் அள்ளி ஊற்றிக்கொண்டார். காற்றடித்தால் ஒரு கையால் சாரனைப் பிடித்துக்கொள்வார். என் சன்னலிலிருந்து அது தெரியும். அன்று முதல் அந்தச் சன்னலை மூடியே வைத்தேன்.

வரைபடத்தைப் பார்க்க வேண்டும் என்று உள்ளூராட்சி சபை அலுவலகத்துக்குப் போனேன். அது குழுவிடம் இருக்கிறது என்றார்கள். குழுத்தலைவரின் கடைக்குப் போனேன். அவர் காசுமேசையில் அமர்ந்து கடைச்சாவிகளின் வளையத்தை விரலில் சுழற்றிக்கொண்டிருந்தார்.

"மப்பு அலுவலகத்திலதான், டீச்சர்."

"அங்க கேட்டுட்டுத்தான் வாறன். உங்களிட்ட எண்டாங்க."

"இரிக்கும், இரிக்கும். தேடிப் பாக்கணும்."

"உங்கட கடைக்கு ஏன் அடையாளம் இல்ல?"

"கடை மெயின் றோட்டில. ஒழுங்கையிலயா?"

"லொறி எங்க நிண்டு இறக்குது?"

சாவிகள் நின்றன. கடையில் நான்கைந்து பேர் இருந்தார்கள். அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அவர்களைப் பார்த்துச் சொன்னார். "டீச்சருக்கு இன்னும் பள்ளிக்கொடம் விடல்ல. இது இலக்கணமில்ல, டீச்சர், றோட்டு. ஆம்புளயள் கதைச்சி முடிச்ச விசயம். ஊட்ட போய் மகள்ர கலியாணத்தப் பாருங்க."

அவர்கள் சிரித்தார்கள். சாவிகள் மீண்டும் சுழன்றன. நான் நடந்து வீட்டுக்கு வந்தேன். வரும் வழியிலேயே முடிவு செய்துவிட்டேன். கிணற்றைக் காப்பது மட்டும் போதாது. அந்தச் சிரிப்பை அவர் திருப்பிக் கேட்க வேண்டும். அவ்வளவு பேர் முன்னிலையில், இன்னும் அதிகமானோர் முன்னிலையில்.

நான் யாரிடம் போனேன் என்பதை ஊரில் பலவாறு சொல்கிறார்கள். நான் போனது அவருடைய மனைவியிடம். பள்ளிக்கூடத்தில் அவளும் நானும் ஒரே வாங்குப் பலகையில் இருந்தவர்கள். அந்தக் கடைத்தொகுதி யாருடையது என்று ஊர் அறியும், அறிந்ததை மறந்தும்விட்டது. அது அவளுடைய வாப்பா அவளுக்கு எழுதிக்கொடுத்தது.

அவள் பின்கட்டில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னகா, இந்தப் பக்கம் பாதை மாறி வந்திட்டியா?"

"உன்ட கடைக்கு மட்டும் அடையாளம் போடாம உட்டிரிக்காங்க. வாழ்த்துச் செல்லத்தான் வந்த."

"என்ட கடையா?" கத்தியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "நான் அதுக்குள்ள போய் எத்தின வருசம் தெரியுமா? முந்தி ஒரு நாள் போய் நிண்டன். 'கடைக்குள்ள பொம்புளக்கி என்ன வேல' எண்டு அனுப்பிட்டார்."

"வாடகை?"

"கேட்டா, 'உனக்கு என்ன குறை?' எண்டு கேப்பார். குறையொண்டுமில்ல. ஒரு சட்டத் துணி எடுக்கவும் அவரிட்டக் கேக்கணும். அவ்வளவுதான்."

நான் தேடிப்போனது அந்தக் கோபத்தைத்தான். அது அங்கே இருக்கும் என்று நம்பியே போனேன், இருந்தது. நான் அதை ஊதினேன். "பள்ளி முத்தத்தில அவர் கைய தூக்கின. உன்ட கடைக்கும் சேத்துத்தான் தூக்கின. கேட்டயா?" என்றேன். அவள் மீண்டும் கத்தியை எடுத்தாள். மீனின் தலையை ஒரே வெட்டில் துண்டித்தாள்.

அதன்பின் வீடு வீடாகப் போனேன். எல்லாரிடமும் இரண்டு கேள்விகளே. இந்த வீட்டை உங்களுக்குத் தந்தது யார்? சம்மதமா என்று உங்களிடம் கேட்டது யார்? முதற்கேள்விக்கு ஒவ்வொருவரும் தத்தம் வாப்பாவைச் சொன்னார்கள்; சிலர் கண்கலங்கினார்கள். இரண்டாவது கேள்விக்குக் கண்கள் வேறு நிறமாயின. கடற்கரைப் பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒருத்தி சொன்னாள்: "எங்கட மனிசன் மாக்கட்டுக்குப் போனா, சூரை மீனா கீரி மீனா எண்டு போன் பண்ணிக் கேட்டுத்தான் வாங்குவார். ஊட்ட மட்டும் கேக்காமக் குடுத்திட்டு வந்திரிக்கார், பாருங்க டீச்சர்."

உறுதிக்காரரான பெண்கள் எல்லாரும் ஒப்பமிட்டு, தங்களைக் கேட்காமல் பெற்ற சம்மதம் சம்மதமாகாது என்றும், தங்கள் முன்னிலையில் கூட்டம் வேண்டும் என்றும் அலுவலகத்துக்கு எழுதினோம். அங்கே வருவாய்ப் பிரிவுக்குத் திருக்கோவில் ஊர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்திருந்த ஒரு பெண் உத்தியோகத்தர் அதை வாசித்தார். பொதுநோக்கு மண்டபத்தில் கூட்டம் கூட்டினார். வரைபடத்தையும் கொண்டுவர வேண்டும் என்று தலைவருக்கு அறிவித்தார்.

மண்டபத்தில் வழக்கப்படி முன்னால் ஆண்கள், பின்னால் பெண்கள். நடுவே கயிற்றில் பச்சைத் திரை. நான் அதன் ஓர இடைவெளிக்கு நேரே இருந்தேன். தலைவர் உத்தியோகத்தருக்குப் பக்கத்து நாற்காலியில் அமர்ந்து சாவிகளை மேசையில் வைத்தார். வரைபடத்தைத் திரைக்கு மேலாகத் தெரியும்படி சுவரில் உயர ஒட்டினார்கள். எல்லைக்கோடு கடைத்தொகுதியின் பின்சுவரை ஒட்டி வளைந்து சென்றது. அதை எல்லாரும் கண்டார்கள்.

"வளவுக்காரங்க கையை உயர்த்துங்க, பாப்பம்" என்றார் உத்தியோகத்தர்.

முன்னால் இருந்த கைகளெல்லாம் எழுந்தன.

"நான் கேக்கிறது உறுதியில பேர் இருக்கிறவங்கள."

கைகள் தயங்கின. ஒன்று இறங்கியது, பிறகு மற்றவை. ஒருவர் மட்டும் இறக்கவில்லை.

"உங்கட பேரிலயா உறுதி, ஐயா?"

"இல்ல மிஸ். பொஞ்சாதிர பேரில."

"அப்ப நீங்க?"

"நான்… அவட மாப்புள."

மண்டபம் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குமுன் திரைக்கு மேலே கைகள் எழுந்தன. முன்னால் இருந்தவர்களுக்கு முகம் இல்லை, உடல் இல்லை. பச்சைத் துணிக்கு மேலே கைகள் மட்டும். வளையல் போட்டவை, போடாதவை, மருதாணி மங்கியவை, மீன்செதில் ஒட்டியவை. என்னுடையதும் அவற்றில் ஒன்று. பக்கத்து வீட்டு ராத்தாவின் கை என் கைக்குப் பக்கத்தில் இறங்காமல் நின்றது.

"கைய மட்டும் பாத்து நான் என்ன எழுதுற? ஆர்ர கை எண்டு தெரிய வேணாமா?" என்றார் உத்தியோகத்தர்.

"திரையக் கழட்டுங்க மிஸ்," என்று என் பின்னாலிருந்து ஒருத்தி சத்தமிட்டாள். "நாங்க ஒளிச்சி இரிக்கல்ல."

யாரும் அசையவில்லை. பிறகு என் கணவர் எழுந்து போய், கையை உயர்த்திக் கயிற்றின் முடிச்சை அவிழ்த்தார். அவர் கையை உயர்த்தியதால் விளைந்த ஒரே நன்மை அதுதான் என்று இன்றும் அவரிடம் சொல்வதுண்டு.

இந்த வரைபடத்தின்படி அறவீட்டுக்குச் சம்மதிப்பவர் யார் என்று உத்தியோகத்தர் கேட்டார். ஒரு கையும் எழவில்லை. அப்போது பின்வரிசையில் தலைவரின் மனைவி எழுந்து நின்றாள்.

"மிஸ், சந்திக் கடை என்ட. வாப்பா எனக்கு எழுதித் தந்த. என்ட கடைக்கும் அடையாளம் போடுங்க. மறுகா எல்லாருக்கும் சேத்துக் கணக்குப் பாருங்க."

தலைவர் பாதி எழுந்தார். "நீ என்னத்துக்கு இஞ்ச வந்த? ஊட்ட போ."

"எந்த ஊட்ட? அதும் என்டதான்." அவள் முன்னால் நடந்து வந்தாள். "வேணுமெண்டா நீங்க உங்கட உம்மாட ஊட்ட போங்க."

எங்கள் கரையில் ஓர் ஆணுக்கு இதைவிடப் பெரிய வார்த்தை இல்லை. மண்டபம் சிரிப்பில் வெடித்தது. ஆண்கள்தான் அதிகம் சிரித்தார்கள். அன்று கடையில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தவர்களில் இருவர் அங்கே இருந்தார்கள், அவர்களும் சிரித்தார்கள். அவள் மேசையிலிருந்து சாவி வளையத்தை எடுத்து, அபாயாவின் பைக்குள் போட்டுக்கொண்டு, தன் இடத்துக்குத் திரும்பினாள்.

நான் சிரிக்கவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்ப்பதற்காகவே போயிருந்தேன். முதலில் சிவந்தது, பிறகு சாம்பலாயிற்று, பிறகு எதுவுமே இல்லாமற்போயிற்று. அவர் என்னைத் தேடினார். கண்டார். நான் கண்ணை எடுக்கவில்லை.

பழைய அறவீடு நிறுத்தப்பட்டது. புதிய வரைபடம் அலுவலக வாசலில், யாரும் பார்க்கக்கூடிய இடத்தில், ஒட்டப்பட்டது. கடையின் பின்சுவரில், இரும்புக் கதவுக்குப் பக்கத்தில், சிவப்பு அடையாளம் வந்தது. வாடகை வருகிற வளவுக்கு ஒரு விகிதம், குடியிருக்கிற வளவுக்கு வேறு விகிதம் என்று பேசப்பட்டது; கிணறும் மதிலும் எங்களுக்கு மிஞ்சின. அவர் குழுவிலிருந்து விலகினார். இப்போதும் அந்தச் சந்தியில் நிற்பார். விரல் சுழன்றுகொண்டிருக்கும், அதில் சாவி இராது. அதைக் காண்பதற்காக நான் சில வேளை தேவையில்லாமலே அவ்வழியாக மருந்துக்கடைக்குப் போவதுண்டு.

இதற்கு விலையும் இருந்தது. பணம் போதாமல், வடிகான் என் வீட்டுக்கு மேற்கே சில வளவுகள் தள்ளி வந்து நின்றுவிட்டது. மாரி வந்தபோது கட்டிய வடிகானின் தண்ணீரெல்லாம் அது முடிந்த இடத்தில் வழிந்து எங்கள் வாசலில் தேங்கியது. "டீச்சர் கேட்ட கேள்விட தண்ணி" என்று சொல்லிக்கொண்டு போனார்கள். சொல்லட்டும். அந்தத் தண்ணீரின் மேல் பலகை போட்டு மாப்பிள்ளையை அழைத்துவந்தோம். வீட்டையும் கிணற்றையும் மகளுக்கு எழுதிக்கொடுத்தேன். நானும் கணவரும் பின்வளவுச் சிறு வீட்டுக்குப் போய்விட்டோம்.

கடைச்சுவரின் சிவப்பு அடையாளம் அந்த மாரியில் மங்கிப்போயிற்று. அது இனித் தேவையில்லை, எல்லாம் பதிவாகிவிட்டது என்று உத்தியோகத்தர் சொன்னார். நான் ஒரு சிறு தகரப்பேணிச் சிவப்புப் பூச்சும் தூரிகையும் வாங்கினேன். கடைக்காரியிடம் அனுமதி கேட்டேன். "பூசு கா, வடிவாப் பூசு" என்றாள். பட்டப்பகலில், அவர் பார்த்துக்கொண்டிருக்க, நானே பூசினேன்.

எனக்குத் தெரியாதவற்றையும் எழுதிவிட வேண்டும். முதல் வரைபடத்தில் அந்தக் கோட்டை வளைத்தது யாருடைய கை என்று தெரியாது. குழுவினர் ஒவ்வொருவரும் இன்னொருவரைச் சொல்கிறார்கள். கூட்டத்துக்கு முன்பே கடற்கரைப் பக்கத்தார் சிலர் கட்டிய அறவீடு எங்கே இருக்கிறது என்று தெரியாது. பக்கத்து வீட்டு ராத்தா கொடுத்த துண்டின் மேல் கார்ப்பெட் போட்டுவிட்டார்கள். அது அவருக்குத் திரும்பக் கிடைக்குமா, ஈடாக ஏதும் கிடைக்குமா என்று தெரியாது. அவர் இன்னும் சாரனைப் பிடித்துக்கொண்டே குளிக்கிறார். சாவியை எடுத்துக்கொண்டு போன அன்று வீட்டில் என்ன நடந்தது என்று என் தோழி சொல்லவில்லை, நான் கேட்கவில்லை, ஆகவே அதுவும் தெரியாது. வடிகான் எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது.